தவறான பாகங்கள், மொத்தம் நான்கு

லைல் பிராண்ட்வோல்டிடம் முப்பத்தெட்டு ஸ்நேர் டிரம்கள் இருந்தன. முப்பத்தெட்டில் ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது.

ஸ்நேர் என்றால் வேறொன்றுமில்லை. டிரம் செட்டில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே ஒன்று இருக்குமே, அடித்தால் ‘ச்சட்’ என்று தெருக்கோடி வரை கேட்கும், அடித்தோலில் கம்பிச்சரம் ஒன்று ஒட்டிக்கிடக்கும், அதுதான். விஸ்கான்சினில் ரசீன் ஊர்க்காரரான லைல், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்த்து முப்பத்து நான்கு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் வீட்டின் நிலவறையில் கண்ணாடி அலமாரிகள் இருந்தன. உள்ளே வெல்வெட் விரிப்பு, ஈரப்பதம் காட்டும் முள், மங்கலான விளக்கு.

“நம்ம பேரப்பிள்ளைங்க வந்தா தரையில படுக்குதுங்க. டிரம்முக்கு மெத்தை கேக்குது உனக்கு” என்பாள் மனைவி மார்லிஸ்.

“அதுங்களுக்கு நூறு வயசு ஆகுது, மார்லிஸ்.”

“எனக்கும் அறுபத்தெட்டு ஆகுது. என்னைக்காவது என்னைக் கண்ணாடிக்குள்ள வெச்சுத் தொடைச்சிருக்கியா?”

லைலும் ஒரு காலத்தில் வாசிக்க ஆசைப்பட்டவர்தான். பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்தார். இரண்டே வாரத்தில் பேண்டு மாஸ்டர் அவர் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டு சிம்பல் தட்டுகளைக் கொடுத்தார். மூன்றாம் வாரம் அவற்றையும் வாங்கிக்கொண்டு, ஊர்வலத்தின் முன்னால் பேனர் பிடிக்கச் சொன்னார். பேனர் பிடித்தபோதும் அவர் கால் தாளம் தப்பியது என்று மார்லிஸ் இன்றைக்கும் சாட்சி சொல்வாள். பின்னால் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

டிரம் உலகில் இரண்டே சாதி. வைத்திருப்பவர்கள், வாசிப்பவர்கள். வைத்திருப்பவர்களைப் பொறுத்தவரை வாசிப்பவர்கள் எல்லாரும் வெளியே உலாவும் குற்றவாளிகள். தொண்ணூறு வருஷப் பித்தளையில் துளை போடுவார்கள், நாடா ஒட்டுவார்கள், மேலே பீர் கிளாஸை வைப்பார்கள், கேட்டால் ‘சத்தம் நல்லா வருது’ என்பார்கள். வாசிப்பவர்களைக் கேட்டால், வைத்திருப்பவர்கள் சவப்பெட்டிக் கடைக்காரர்கள் என்பார்கள்.

லைல் உறுப்பினராக இருந்த மத்திய மேற்கு ஸ்நேர் டிரம் பாதுகாப்புச் சங்கத்துக்கு எழுபத்தோரு உறுப்பினர்கள், இருபத்திரண்டு விதிகள். மற்ற விதிகளையாவது சிலர் மறப்பதுண்டு. ஒன்பதாம் விதியை யாரும் மறந்ததில்லை: உறுப்பினர் எவரும் எந்தக் காரணத்துக்காகவும் டிரம்மில் துளை போடலாகாது. பதினான்காம் விதி: பழைய டிரம்மை அசல் நிலைக்குக் கொண்டுவரும்போது, அதிலிருந்து நீக்கிய தவறான பாகங்களை உறையில் போட்டு, பெயரெழுதி, டிரம்மோடு கூடவே வைத்திருக்க வேண்டும். குற்றவாளி என்னென்ன செய்தான் என்பதற்கு அத்தாட்சி. சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி மாவட்டச் சந்தை மைதானத்துக் கொட்டகையில் நடக்கும். முந்தின வாரம் அதே கொட்டகையில் பரிசுப் பன்றிகளின் கண்காட்சி. பன்றிகளாவது சத்தம் போடலாம். டிரம்களுக்கு அது கூடாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ‘தட்டாதீர்கள்’ என்று அட்டை வைத்திருப்பார்கள்.

லைலுக்கு வாழ்க்கையில் கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று. இண்டியானாவில் என்றைக்கோ மூடிப்போன லஸ்க்-ஹார்மன் பட்டறை 1926-ல் செய்த ‘ஏரியரசி’. கறுப்பு மெருகேற்றிய பித்தளை உருளை, சுற்றிலும் கையால் செதுக்கிய அல்லிப் பூக்கள். உலகத்தில் பதினொன்று மிச்சம் என்று சங்கத்தின் கணக்கு. பத்து கண்ணாடிக்குள் இருந்தன. பதினொன்றாவதைச் சிகாகோவின் தெற்குப் பக்கம், எழுபத்தொன்பதாம் தெருவில், ரூபி லவுஞ்ச் என்கிற மதுக்கடையில், ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் கிளியோத்தா ஹார்க்ரோவ். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற கறுப்பர், எண்பத்தொரு வயது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைல் எழுபத்தைந்து மைல் வண்டி ஓட்டிப்போய், கடையில் இருந்த ஒரே வெள்ளைக்காரராக மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்து, இடைவேளை வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு போய் நின்றார்.

“அந்த டிரம்மைக் குடுப்பீங்களா, மிஸ்டர் ஹார்க்ரோவ்?”

“நீ வாசிக்கிறவனா?”

“இல்லைங்க. சேகரிக்கிறவன்.”

“ஓ. நான் எப்ப சாவேன்னு காத்திருக்கிறவன்.” கிளியோத்தா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எந்த ஊரு?”

“விஸ்கான்சின்.”

“அங்கருந்து இங்க வந்து காத்திருக்கப் போறியா? அப்ப நிறைய சாப்பிடு, விஸ்கான்சின். நேரமாகும்.”

அதுவே அவர் பெயராகிவிட்டது.

அடுத்த வாரமும் லைல் போனார். டிரம்மை இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அதற்கடுத்த வாரமும் அதே காரணம். இப்படி டிரம்மைப் பார்க்கவே பதினோரு வருஷம், மூன்றாவது ஸ்டூல், இரண்டு பீர், பன்றி விலா நுனிகள் ஒரு தட்டு. கடைக்கார அம்மாள் ஓர்லீன், அவர் உள்ளே வரும்போதே தட்டில் சாஸ் ஊற்ற ஆரம்பித்துவிடுவாள். பாட்டைப் பற்றி மார்லிஸ் கேட்டால், “அதெல்லாம் நான் கவனிக்கலை. பக்கவாட்டு விளிம்பு தேஞ்சிருக்கான்னு பாத்துட்டிருந்தேன்” என்பார். குளிக்கும்போது மட்டும் ஏனோ அந்தப் பாட்டுகளைத்தான் முணுமுணுத்தார்.

ரூபி லவுஞ்சில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யாராவது மேடையேறி வாசித்தால், முடிந்ததும் எல்லாரும் கிளியோத்தாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினால் அந்த ஆள் தேறிவிட்டான், அடுத்த வாரமும் வரலாம். அவர் மரியாதையாகத் தலையாட்டி, “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஊரைவிட்டே போன சாக்ஸபோன்காரர் ஒருவர் இருந்தார். இப்போது வாரநாளில் மாநகரப் பேருந்து ஓட்டும் ஜோனெட்டா ப்ருயிட், முதல் தடவை கிளியோத்தா ஓய்வெடுத்த நேரத்தில் டிரம்ஸ் வாசித்தபோது, “பஸ்ஸை நிறுத்துற மாதிரியே வாசிக்கிறியேம்மா, ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆளை இறக்கி விடுறியா?” என்று கேட்டார். ஜோனெட்டாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போன மார்ச் மாதம் கிளியோத்தா ஒரு பாட்டின் நடுவில் குச்சியைக் கீழே வைத்தார். வலது கை தொடையின் மேல் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“டாக்டர் ஏதோ பேரு சொன்னாரு” என்றார் இடைவேளையில், லைலின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து. “கை அதுபாட்டுக்குத் தனியா உருட்டி வாசிக்குது. நாப்பது வருஷம் முன்னாடி இது வந்திருந்தா நான் பெரிய ஆளாயிருப்பேன்.”

லைலுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. விலா எலும்பு ஒன்றைத் தேவைக்கு மேல் நேரம் கடித்தார்.

“எடுத்துட்டுப் போ” என்றார் கிளியோத்தா.

“எதை?”

“என்னத்த எதை? பதினோரு வருஷமா எதை மொறைச்சுப் பாத்துட்டிருந்தியோ அதை. என் வீட்டுல வாரிசுன்னு இருக்கிறவன் அதுல பூச்செடி வைப்பான். நீ எடுத்துக்க. காசு வேணாம். ஒரே ஒரு கண்டிசன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு அது இந்த மேடையில இருக்கணும். ஜோனெட்டா வாசிப்பா. நான் இங்க உக்காந்து கேப்பேன். நான் இருக்குற வரைக்கும் எல்லா ஞாயித்துக்கிழமையும். அப்புறம் நீ அதைக் கண்ணாடிக்குள்ள வையி, இல்ல தலையில கவுத்துக்க.”

“கண்டிப்பா, மிஸ்டர் ஹார்க்ரோவ்.”

“என் காதுக்கு அது ஒண்ணுதான்யா மிச்சம். பாத்துக்க.”

‘பாத்துக்க.’ அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே ரூபி லவுஞ்சின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். ஆறு வாரம் கடை மூடல். ஏரியரசி ஆறு வாரம் ரசீனில், லைலின் நிலவறையில், பெரிய விளக்கின் கீழே இருந்தாள். லைல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவளைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அவருக்கு ரத்தம் கொதித்தது.

அடிக்கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் விசை அசல் இல்லை. வேறு ஏதோ மலிவு டிரம்மின் பெரிய விசை, கட்டைவிரலால் தட்டினால் போதும் கம்பி விலகிக்கொள்ளும். அதை மாட்ட ஓர் அல்லிப்பூவின் நட்டநடு இதழில் இரண்டு துளைகள்! கம்பிச்சரத்தில் இருபது கம்பிகளில் ஏழைக் காணோம், வேண்டுமென்றே வெட்டியெடுத்திருந்தார்கள். மேல்வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. 1981-ல் கேரி நகரத்து மாடிப்படியில் அது உருண்ட கதையைக் கிளியோத்தாவே சொல்லியிருக்கிறார். மேல்தோலுக்கடியில் ஒரு பச்சைத் துணிக்கீற்று. ரூபி லவுஞ்சின் பில்லியர்ட்ஸ் மேசையின் ஓரத்தில் ஏன் ஒரு விரல்கடை அகலம் வெறும் பலகையாக இருக்கிறது என்பது லைலுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

லைல் அந்த ஆறு வாரமும் பக்தியோடு உழைத்தார். அசல் விசை ஒன்பது வருஷமாக அவர் இழுப்பறையில் தயாராக இருந்தது. அசல் வளையம் மிசௌரியிலிருந்து வந்தது. இருபது கம்பியும் உள்ள புதுச்சரம் வந்தது. துளைகளைப் பித்தளையால் அடைத்து, தேய்த்து, மெருகேற்றி, ஒஹையோவில் ஒரு செதுக்குக்காரரிடம் அனுப்பி இதழை மறுபடி செதுக்கவைத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. மேல்தோலை மட்டும் மாற்றவில்லை. சங்க விதிப்படி தோல் தேய்பொருள், கணக்கில் வராது. கழற்றிய விசை, வெட்டுப்பட்ட சரம், நசுங்கிய வளையம், பச்சைத் துணி, நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘தவறான பாகங்கள். மொத்தம் 4.’

மார்லிஸ் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பெரியவரு இதெல்லாம் செய்யச் சொன்னாரா?”

“பாத்துக்கன்னு சொன்னாரு.”

“எங்கம்மாவும் உங்கிட்ட என்னை அப்படிச் சொல்லித்தான் குடுத்தாங்க. நல்லவேளை, நீ என்னை அசலுக்குக் கொண்டுபோகலை.”

கண்காட்சி சனிக்கிழமை. சங்கத் தலைவர் வெண்டல் க்ராட்ஸ் ஏரியரசியின் முன்னால் பதினைந்து நிமிடம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். “பிராண்ட்வோல்ட், இந்தப் பன்னெண்டு வருஷத்துல நான் பாத்ததுலயே இதுதான் சுத்தம்” என்று சொல்லி முதல் பரிசுக்கான நீல ரிப்பனைக் கட்டினார். அடுத்த நாள் அந்த டிரம் இசைக்கப்படும் இடத்தையும் படம் பிடித்துச் சங்கப் பத்திரிகையில் போட வேண்டும் என்று தானும் கூட வருவதாகச் சொன்னார். ‘இசைக்கப்படும்’ என்ற சொல்லை, ‘ஜாமீனில் எடுக்கப்படும்’ என்பது போல உச்சரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு ரூபி லவுஞ்சில் உட்கார இடமில்லை. புதுக்கூரையைப் பார்க்கப் பாதிப் பேர், கிளியோத்தாவைப் பார்க்க மீதிப் பேர். அவர் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்துக்குப் போட்ட பழுப்புக் கோட்டிலேயே, நான்காவது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடுங்கும் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார்.

லைல் பெட்டியைத் திறந்து டிரம்மை வெளியே எடுத்தார். கடையே ‘ஓ’ என்றது. மேடை விளக்கில் அல்லிப் பூக்கள் மின்னின. நீல ரிப்பனை லைல் அவிழ்க்க மறந்திருந்தார். மறந்ததாகத்தான் சொன்னார்.

கிளியோத்தா நெடுநேரம் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கா” என்றார். “யாரு இது?”

“உங்க டிரம்தான், மிஸ்டர் ஹார்க்ரோவ்.”

“என்னோடதா?” அவர் கண்ணாடியை மூக்கில் கீழே இறக்கினார். “ரிப்பன் வேற கட்டியிருக்கு. மாட்டுச் சந்தையில ஜெயிச்சதா?”

“பன்னிச் சந்தையிலங்க” என்றார் லைல். உண்மையைச் சொல்லிப் பழகியவர்.

ஜோனெட்டா உட்கார்ந்தாள். பியானோவும் பாஸ் கிட்டாரும் தொடங்கின. அவள் டிரம்மில் குச்சியைப் போட்டாள்.

சத்தம் சுத்தமாக வந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, குளித்துத் தலைவாரிப் பொட்டிட்டுக்கொண்டு வந்து நின்றது. 1926-ல் லஸ்க்-ஹார்மன் பட்டறையின் வாசலில் எப்படி ஒலித்திருக்குமோ அப்படியே ஒலித்தது. லைல் பீரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்துவிட்டார்.

பதினோரு வருஷமாக அவர் கேட்ட சத்தம் இது இல்லை. அது கொஞ்சம் கரகரப்பானது. அடித்ததும் உடனே விலகிப் போகாமல், ஒரு கணம் பின்தங்கி, சட்டைக் கையைப் பிடித்து இழுப்பது போல இழுத்துவிட்டுத்தான் போகும். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அது காணாமல்போன இடம் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தது.

ஜோனெட்டா பாட்டின் நடுவில் வழக்கம்போல விசையைக் கட்டைவிரலால் தட்டினாள். அசல் விசை அசையவில்லை. அது இரண்டு கையும் கேட்கிற ஜாதி. ஓர் அடி தவறியது. எப்படியோ சமாளித்து முடித்தாள்.

எல்லாரும் கிளியோத்தாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் மெதுவாக லைலின் பக்கம் திரும்பினார். மரியாதையாகத் தலையாட்டினார்.

“நல்லாருக்கு” என்றார்.

ஓர்லீன் கையிலிருந்த தட்டு மேசையில் ‘டக்’ என்று உட்கார்ந்தது. பியானோக்காரர் எதையோ தேடுவது போலக் கீழே குனிந்துகொண்டார். வெண்டல் க்ராட்ஸ் ஒருவர்தான் மகிழ்ச்சியாக, “பாத்தீங்களா, அவருக்கே பிடிச்சிருக்கு!” என்றார்.

கிளியோத்தா ஸ்டூலிலிருந்து இறங்கித் தொப்பியைத் தேடினார். “நேரமாச்சு. பஸ் புடிக்கணும்.”

“நாந்தானே மாமா உங்களைக் கூட்டிட்டுப் போவேன்?” என்றாள் ஜோனெட்டா.

“நீ வாசிம்மா. நான் போய்க்கிறேன்.”

லைல் எழுந்தார். முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் வீட்டு உலையைத் திறந்து, ‘இது நான் வர்றதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு’ என்று சொல்லிப் பழகிய வாய் அது. இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை.

“அரை மணி நேரம் குடுங்க, மிஸ்டர் ஹார்க்ரோவ்.”

“எதுக்கு?”

“நான் கெடுத்ததை நானே பாக்குறேன்.”

பெட்டியின் பையிலிருந்து உறையை எடுத்தார். கிளியோத்தா அதை வாங்கி மேலே எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். “‘தவறான பாகங்கள். மொத்தம் நாலு.’” ஜோனெட்டாவிடம் திரும்பினார். “எனக்கு ரெண்டு கலியாணம், ரெண்டு பொண்டாட்டியும் சேந்து போட்ட பட்டியல் இதைவிட நீளம். இவன் நாலோட விட்டுட்டான்.” சொல்லிவிட்டுத் தொப்பியைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினார்.

லைல் டிரம்மைப் பில்லியர்ட்ஸ் மேசையில் வைத்துப் பிரித்தார். நசுங்கிய வளையம் பழைய இடத்துக்கே திரும்பிப் போயிற்று. பச்சைத் துணி தான் பிறந்த மேசையின் மேலேயே ஒரு நிமிடம் கிடந்துவிட்டுத் தோலுக்கடியில் போயிற்று. ஏழு கம்பி குறைந்த சரத்தை அசல் விசையிலேயே கட்டிப் பார்த்தார். ஜோனெட்டா இரண்டு தட்டுத் தட்டினாள்.

“பாதி வழி வந்திருக்கு, மிஸ்டர் லைல்.”

“இந்த விசை இழுத்துக் கட்டுது. பழசு கொஞ்சம் தொங்க விடும்.” லைல் பெரிய விசையைக் கையில் எடுத்து, உருளையின் மேல் வைத்துப் பார்த்தார். அங்கே துளைகள் இல்லை. அழகான, முழுமையான, உருப்பெருக்கிக்கும் சிக்காத ஓர் அல்லி இதழ் இருந்தது.

அவர் வெளியே போய் வேனிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்துவந்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அது இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். துளைக் கருவியின் செருகியைச் சுவரில் மாட்டியபோதுதான் வெண்டலுக்கு விஷயம் புரிந்தது. அவர் அப்போது ஓர்லீன் வற்புறுத்தியதால் விலா நுனிகளைத் தின்றுகொண்டிருந்தார், வெள்ளைக் கையுறையோடு.

“பிராண்ட்வோல்ட்! ஒன்பதாம் விதி!”

“தெரியும், வெண்டல்.”

“அது பதினொண்ணுல ஒண்ணுய்யா! மனுஷனா நீ?”

“அதான் இப்ப பாக்கப்போறோம்.”

“ரிப்பனைத் திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கும். பதிவேட்டுலருந்து அடிச்சிருவோம். நிலவறையில உள்ள முப்பத்தெட்டும் சேத்துத்தான் சொல்றேன், அத்தனையும்!”

லைல் ரிப்பனை அவிழ்த்து வெண்டலின் தட்டோரம் வைத்தார். பிறகு துளை போட வேண்டிய இடத்தைத் தேடினார். உலகத்தில் அந்த இரண்டு புள்ளிகள் எங்கே என்று தெரிந்த ஒரே கண் அவருடையது. அதுதான் ஆறு வாரமாக அவருடைய பெருமை. கை நடுங்கியது. பக்கத்தில் கிளியோத்தா குனிந்து பார்த்தார்.

“என்ன, உனக்கும் ஆரம்பிச்சிருச்சா?”

“சும்மா இருங்க.” பதினோரு வருஷத்தில் லைல் அவரிடம் மரியாதையில்லாமல் பேசிய முதல் வார்த்தை. கருவி வீறிட்டது. கறுப்பும் மஞ்சளுமாகப் பித்தளைச் சுருள் மேசையில் உதிர்ந்தது. ஒரு துளை. பிறகு இன்னொன்று. வெண்டல் கையால் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கையுறையிலிருந்து சாஸ் அவர் நெற்றிக்கு வந்தது.

எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. ஜோனெட்டா அடித்தாள். இப்போது அது பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துவிட்டது, வீட்டுக்குள் நுழையவில்லை. வளையத்தைச் சுற்றிப் பத்துத் திருகுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு இறுக்கம் என்பது எந்த உறையிலும் எழுதிவைக்கவில்லை.

“மாமா, நீங்க சொல்லுங்க. எதை இறுக்கணும்?”

கிளியோத்தா உதட்டைப் பிதுக்கினார். “எனக்குக் கைதான் சொல்லும். கைதான் இப்ப என் பேச்சைக் கேக்கலையே. அதுவுமில்லாம நான் அதுமேல குனிஞ்சு உக்காந்து கேட்டவன். இங்க, வெளியில, அது எப்படிக் கேக்கும்னு எனக்கு என்னைக்குமே தெரியாது.”

லைல் துளைக் கருவியை வைத்துவிட்டு, மேசையிலிருந்து நடந்துபோய், மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

“அடிங்க” என்றார்.

ச்சட்.

“நசுங்கின பக்கத்துல இருக்கிறதைக் கால் சுத்து தளர்த்துங்க.”

ச்சட்.

“இன்னும் கொஞ்சம். அதுக்கு எதிர்ல உள்ளதை இறுக்குங்க. அது இல்ல, அடுத்தது.”

ச்சர்ட்.

“அடியில உள்ள ரெண்டையும் இறுக்குங்க. ஒண்ணு அதிகமாயிருச்சு. திருப்புங்க. கொஞ்சம்தான்.”

குச்சி பிடிக்கத் தெரியாதவன், பேனர் தூக்கியும் கால் தப்பியவன், கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் பேருந்து ஓட்டுநர் ஒருத்திக்கு வழி சொன்னான். பத்துத் திருகில் ஒன்பதாவதில் நிறுத்தினான். “அதோட விடுங்க. பத்தாவது எப்பவும் லூசாத்தான் இருக்கும். மூணாவது பாட்டுல கழண்டு விழும். அவரு காலால தள்ளிவிடுவாரு.”

கிளியோத்தா அவரைப் பார்த்துக்கொண்டே நான்காவது ஸ்டூலில் ஏறினார்.

பியானோ எடுத்துக்கொடுத்தது. ஜோனெட்டா உள்ளே வந்தாள். கட்டைவிரல் தட்டியதும் கம்பி விலகியது, தட்டியதும் திரும்பி வந்தது. அந்தக் கரகரப்பு வந்தது. அடி விழுந்து, ஒரு கணம் தயங்கி, சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போயிற்று. லைலின் கால் ஸ்டூலின் கம்பியில் தானாக ஆடியது. தாளம் தப்பித்தான் ஆடியது.

“இதையா கேட்ட?” என்றார் கிளியோத்தா, திரும்பாமல். “பதினோரு வருஷமா இங்க உக்காந்து?”

“ஆமா.”

“டிரம்மைப் பாக்க வந்தேன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

மூன்றாவது பாட்டில் பத்தாவது திருகு கழன்று விழுந்தது. ஜோனெட்டா காலால் தள்ளினாள். கடையே கைதட்டியது. வெண்டல் க்ராட்ஸின் கையுறை போட்ட விரல் ஒன்று மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. லைல் பார்ப்பது தெரிந்ததும் அதை மற்ற கையால் பிடித்து அடக்கினார்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் கிளியோத்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஓர்லீன்கூடச் சாஸ் ஊற்றுவதை நிறுத்தினாள்.

அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். அது அதுபாட்டுக்கு ஆடியது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தக் கையாலேயே லைலின் தோளில் ஒன்று வைத்தார்.

“நாசமாப் போனவனே! இவ்வளவு சத்தமாவாடா வாசிச்சிட்டிருந்தேன் இத்தனை வருஷமும்? பாட்டுக்காரி ஒருத்தி வாயசைச்சது ஒரு நாளாவது உனக்குக் கேட்டிருக்குமா? ஒரு நாய் வந்து எங்கிட்டச் சொல்லலையே! பதினோரு வருஷம் ஓசியில முன்னால உக்காந்து விலா எலும்பைக் கடிச்சியே, முட்டாப்பயலே, நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

லைல் மூக்கைத் துடைக்க, பக்கத்து மேசையில் வெண்டலின் தட்டோரம் கையில் கிடைத்ததை எடுத்தார். அது நீல ரிப்பன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை ஒண்ணரைக்கே வந்துரு, விஸ்கான்சின்” என்றார் கிளியோத்தா, மேடையின் பக்கம் திரும்பிக்கொண்டு. “வர்ற வழியில எதையும் தொடைச்சுத் தொலைக்காத.”